எலிக்கு ஏது கொலுசு

அப்பு,

நேற்று போனில் நீ பேசி முடித்ததும் நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன் அல்லவா, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அடுப்பில் பால் இருந்தது, அதனால் வைத்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் பாழாகி, அதைத் துடைத்து முடித்த பிறகும் எனக்குக் கோபம் ஆறவில்லை. திரும்பக் கூப்பிட்டால் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று நீ நடுவிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதும் இல்லை. உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் படிக்கலாம், நீ கட்டிக்கொள்ளப் போகும் வினோதினி படிக்கலாம், அவளுடைய பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் சத்தமாகவே வாசிக்கலாம். எனக்கு ஆட்சேபணை கிடையாது.

நீ சொன்னதை நானே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். "ஏம்மா, வினோதினி பெரியப்பா காதுக்கு யாரோ என்னமோ கொண்டுபோயிட்டாங்க. நீ ஸ்டூடியோவுல ஆம்பளைங்க இருக்கிற எடத்துல தாலியக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, தையத்தக்கான்னு குதிக்கிறியாம். நான் அதெல்லாம் சுத்தப் பொய்யி, எங்கம்மா அங்க கணக்கு எழுதுறாங்கன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பூ வைக்கப் போறப்ப உன்னையக் கேட்டாங்கன்னா நீயும் அதையே சொல்லிரு. ஒரு நாளுதானம்மா." இவ்வளவும் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குள் அந்த வேலையையும் விட்டுவிடு என்று கடைசியாக ஒரு வால் வேறு ஒட்டினாய்.

அந்தப் பெரியவர் காதுக்குப் போன சேதியில் என்னடா பொய் இருக்கிறது? தாலியைக் கழற்றுகிறேன். ஆணியில் மாட்டுகிறேன். குதிக்கிறேன். எல்லாமே உண்மை. இதில் பொய் ஒன்று உண்டென்றால் அது நீ சொன்ன கணக்குதான். பத்தாம் வகுப்பில் நான் கோட்டை விட்ட பாடமே கணக்கு என்று உனக்குத் தெரியாதா? சொல்வதுதான் சொன்னாய், கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாதா! வேலையே செய்யாமல் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு இம்புட்டு எரிந்திருக்காது.

உனக்கு மறந்துபோயிருக்கலாம், அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற சாலையில் பெயிண்ட் கடைக்கு மேலே சேவியர் அண்ணன் ரிக்கார்டிங் ஸ்டூடியோ போட்டபோது நீ பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாய். சாமிப் பாட்டு, மாதா பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற ஜவுளிக்கடை விளம்பரம், எல்லாம் அங்கேதான் கேசட் ஆகும். நான் போனது கோரஸ் பாட. என் குரல் நாலு பேரோடு சேர்ந்தால் நிற்கும், தனியாக விட்டால் ஓடிவிடும், அது எனக்கே தெரியும். ஒருநாள் குழந்தைகளுக்கான கதைக் கேசட் ஒன்றில், பாழடைந்த வீட்டின் கதவு கிறீச்சென்று திறக்க வேண்டும். ஸ்டூடியோக் கதவை இழுத்துப் பார்த்தார்கள். மற்ற நாளெல்லாம் கத்துகிற கதவு அன்றைக்கு ஊமையாகிவிட்டது. பேகம்பூரில் வாங்கிய புதுத் தோல் செருப்பு என் காலில் கிடந்தது. நடக்கும்போதே அது முனகிக்கொண்டிருந்ததால் கழற்றி, மைக்குக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக முறுக்கினேன். பேய் வீட்டுக் கதவு அப்படியே திறந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சேவியர் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, இனிமே நீ பாட வேணாம்மா" என்றார். வேலை போச்சு என்று நினைத்து எனக்கு முகம் செத்துவிட்டது. வேலை கிடைத்ததைத்தான் அவர் அந்த லட்சணத்தில் சொன்னார்.

பிறகு கார்ட்டூன் வந்தது. சென்னையில் படம் வரைகிற கம்பெனி ஒன்றில் சேவியர் அண்ணனின் பழைய சிநேகிதர் இருந்தார். அங்கே இடமும் இல்லை, ஆளும் இல்லை என்று, படத்தைக் கேசட்டில் போட்டு பஸ் பார்சலில் இங்கே அனுப்புவார்கள். சினிமாவில் ஒருத்தன் நடந்தால், அவன் நடந்த சத்தம் கொஞ்சமாவது மைக்கில் விழுந்திருக்கும். கார்ட்டூனில் ஒன்றுமே கிடையாது. வரைந்தவனுடைய பென்சில் சத்தம்கூடக் கிடையாது. வசனத்தையும் பாட்டையும் வேறு ஆட்கள் சேர்த்துவிடுவார்கள். மிச்சமெல்லாம், அந்தக் குட்டி யானை நடப்பது, திரும்புவது, உட்கார்வது, காது ஆட்டுவது, வாழைப்பழம் தோலுரிப்பது, எல்லாம் நாங்கள்தான். எதிரே டிவியில் படம் ஓடும். அது கால் வைக்கும்போது நானும் கால் வைக்க வேண்டும். கண்ணிமைக்கிற நேரம் பிந்தினாலும் யானை ஒருபக்கம் போகும், அதன் கால் இன்னொரு பக்கம் போகும்.

அம்புட்டும் விளையாட்டுச் சாமான்தானே என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். நிஜ மழையைப் பதிவு செய்கிறேன் என்று சேவியர் அண்ணன் மொட்டை மாடியில் குடையும் மைக்குமாக நனைந்துவிட்டு வந்தார். போட்டுக் கேட்டால் யாரோ வடை சுடுகிறார்கள். சுளகில் அரிசியைப் போட்டு நான் புடைத்த பிறகுதான் மழை மழையாகப் பெய்தது. பறவை சிறகடிப்பதற்குச் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை, அதுவும் கஞ்சி விறைப்பு இறங்காத புதுச் சேலை. ஒரு தண்ணீரில் நனைத்துவிட்டால் அந்தப் பறவைக்கு உயிர் போய்விடும். நம் ஊர்ப் பூட்டு இல்லாவிட்டால் இரும்பு மனிதன் கையைக் காலை அசைத்திருக்க மாட்டான். பெரிய மாங்காய்ப் பூட்டு அவன் தோளுக்கு, பெட்டிப் பூட்டு அவன் விரலுக்கு. பனியில் ஒரு கரடி நடக்க வேண்டியிருந்தபோது எல்லோருக்கும் முழி பிதுங்கியது. எங்களில் பனியைப் பார்த்தவர் யார்? கொடைக்கானலில்கூடப் புல்லில் வெள்ளையாக எதுவோ படிந்திருக்கும், அதன் மேல் நடந்தால் சத்தமா வரப்போகிறது? உன்னுடைய பழைய சாக்ஸில் ஜவ்வரிசி மாவை இறுக்கிக் கட்டி அமுக்கினேன். கரடி மலையேறிப் போனது.

சாக்ஸ் என்றதும் உன் ஷூ ஞாபகத்துக்கு வருகிறது. ஏழாவதில் உனக்கு வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூட ஷூவை, ஒரு கார்ட்டூன் பையன் ஓடுவதற்காக நான் எடுத்துக்கொண்டு போனேன். கையில் மாட்டிப் பலகையில் தட்டினால்தான் சின்னப் பிள்ளையின் பாரம் வரும், என் காலில் போட்டால் பீப்பாய் உருளும். அவன் ஓடி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நீ பள்ளிக்கூடத்துக்குச் செருப்போடு போய், தண்டனையாக வெயிலில் நின்றாய். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நீ ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். இப்போதும் கேட்கப் போவதில்லை. அந்தப் பையன் ஓடியது டிவியில் வந்தபோது, "இது என் ஷூடா, என் ஷூடா" என்று தெருப் பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது யார்? அப்போது உனக்கு வெட்கமாக இல்லை. அடேயப்பா, உன் நெஞ்சு நிமிர்ந்திருந்த நிமிர்வு என்ன!

இனி தாலிக்கு வருகிறேன். அதைத்தானே எல்லோரும் கேட்கிறார்கள்.

ஒரு எலி. பூனை தூங்குகிறது, அதன் பக்கத்தில் இருக்கிற பணியாரத்தை எடுத்துக்கொண்டு எலி அடி மேல் அடி வைத்து நடந்து போக வேண்டும். படத்தில் இதுதான் மிகவும் அமைதியான இடம். கால்விரல் நுனியில், மைக்கைத் தொடாமல், பலகையில் தத்தித் தத்திப் போனேன். போட்டுக் கேட்டால் எலி ஒவ்வொரு அடிக்கும் கிலுங், கிலுங் என்கிறது. வளையலைக் கழற்றினேன், கிலுங். மெட்டியைக் கழற்றினேன், கிலுங். ஃபேனை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது, நான்கு சுவரிலும் மெத்தை, எனக்கு வியர்வை வழிகிறது, இது எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. கடைசியில்தான் தெரிந்தது. தாலிச் செயினில் நான் கோத்து வைத்திருந்த ஊக்குகள். அவற்றை எடுத்தேன். அப்புறமும் குண்டும் காசும் ஒன்றோடொன்று உரசி, சின்னதாக ஒரு டிக். காதுக்குக் கேட்காது. மைக்குக்குக் கேட்கும். சேவியர் அண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "விடும்மா, எலி கொலுசு போட்டிருக்குன்னு வச்சுக்குவோம்" என்றார்.

எலிக்கு ஏது கொலுசு? எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிட்டது. அண்ணன் மேல் இல்லை, அந்த டிக் மேல். நான் நடந்தால் நான் நடப்பது கேட்கக் கூடாது. என் சேலை கேட்கக் கூடாது, என் மூச்சு கேட்கக் கூடாது, நான் யார் பெண்டாட்டி என்பதும் கேட்கக் கூடாது. எலி மட்டும்தான் கேட்க வேண்டும். இதுதான் இந்த வேலை. யாரும் என்னைக் கழற்று என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன், அதுவும் அந்தத் தோல் செருப்பால். நானே வெளி அறைக்குப் போனேன், சுவரைப் பார்த்து நின்றேன், கழற்றினேன், கைக்குட்டையில் சுற்றி, காலண்டர் மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டேன். வெறுங்கழுத்து ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. உள்ளே போய் எலியாக நடந்தேன். முதல் தடவையிலேயே ஓகே. வெளியே வந்து மாட்டிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வருகிற வழியில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை, நடை வேலை என்றால் அதேதான்.

உன் அத்தைக்கு அது எப்படித் தெரிந்தது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். சாணார்பட்டியிலிருந்து ஏதோ விசேஷத்துக்கு வந்தவள், வீட்டில் நான் இல்லை என்று ஸ்டூடியோவுக்கே ஏறி வந்துவிட்டாள். வெளி அறையில் ஆணி, ஆணியில் கைக்குட்டை, கைக்குட்டைக்கு வெளியே எட்டிப்பார்க்கும் தாலிச் செயின். ரிக்கார்டிங் நடக்கிறது என்று சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே நான் ஒரு வாத்தாக நடந்துகொண்டிருக்கிறேன். அவள் கதவைத் தட்டவில்லை, என்னைக் கேட்கவில்லை. நேராக மினி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த உன் அப்பாவை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கினாள். "ஏலே, நீ உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கையிலயே உன் பொண்டாட்டி கழட்டி ஆணியில போட்டுட்டாடா! உனக்குச் சொரணை இருக்கா இல்லையா?" தெருவே கேட்டது. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் தலையை வெளியே நீட்டினார்கள்.

உன் அப்பாவைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. குளித்துவிட்டுத் துண்டை நாற்காலியில் போடுகிற மனுஷன். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். "அக்கா, அது அவ கழுத்துல கெடந்தாத்தான் நான் உசுரோட இருப்பேன்னா, இந்த வண்டிக்கு எதுக்குக்கா பிரேக்கு?" என்றாராம். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தே விட்டார்கள். உன் அத்தை நம் வீட்டுப் பக்கம் வரவே ரொம்ப நாள் ஆயிற்று. சாயங்காலம் வந்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆணி கெட்டியா இருக்கா? ரெண்டு பவுனு, விழுந்து கிழுந்துறாம." மறுநாள் அவரே போய் அந்தக் காலண்டர் ஆணிக்குப் பதிலாக ஒரு நல்ல கொக்கி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். கட்டினவருக்கு இல்லாத வருத்தம், கட்டாத பெரியப்பாவுக்கு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

நான் ஏதோ எல்லாம் தெரிந்தவள் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதே. இந்த வேலையில் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. வடக்கே இருந்து ஒரு கம்பெனியின் படம் வந்தது. அதில் ஒரு பையன், காலில் பெரிய பூட்ஸ், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, கதவைத் தள்ளி, வீட்டுக்குள் போய், மாடிப்படி ஏறி, கட்டிலில் விழுகிறான். உன் அப்பாவின் டிரைவர் ஷூவைப் போட்டுக்கொண்டு நான் ஓடினேன். தெருவில் ஓடினேன், சரளைக்கல்லில் ஓடினேன். அவன் நிலைப்படி தாண்டினான். நான் ஷூவை உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். நினைத்துச் செய்யவில்லை, கால் தானாகச் செய்தது. வீட்டுக்குள் எவனாவது செருப்போடு நுழைவானா? மாடிப்படியும் வெறுங்கால்தான், பட் பட் என்று. வேடிக்கை என்னவென்றால், சேவியர் அண்ணனுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. சென்னைச் சிநேகிதர் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. எங்கள் மூன்று பேர் வீட்டிலும் வாசலில்தானே செருப்பு கிடக்கிறது! வடக்கே கம்பெனியில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தானாம், அவன்தான் கேட்டிருக்கிறான், இந்தப் பையனின் பூட்ஸ் எங்கே காணாமல் போயிற்று என்று. படம் அப்படியே திரும்பி வந்தது. முழுவதையும் மறுபடி செய்தோம்.

மறுபடி செய்யும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அது மெத்தை அடித்த ஒரு அறை, பலகை, அவ்வளவுதான். ஆனாலும் அந்த நிலைப்படி வந்ததும் ஷூவோடு கால் உள்ளே போக மாட்டேன் என்று நின்றது. உடம்பெல்லாம் கூசியது. போனேன். ஏனென்றால் அது என் வீடு இல்லை, அவன் வீடு. அவனுக்குப் பழக்கமானதை அவன் செய்கிறான், என் வீட்டு வழக்கத்தை அவன் காலில் மாட்ட எனக்கு என்ன உரிமை? இதைச் சொல்வது பெருமைக்கு இல்லை அப்பு. நானும் என் வழக்கத்தை மற்றவன் தலையில் ஏற்றியவள்தான், திருப்பி அனுப்பினார்கள், திருத்திக்கொண்டேன். உன்னுடைய வருங்காலப் பெரிய மாமனாருக்கும் அதைத்தான் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நீ எப்போது என்னை ஒளிக்க ஆரம்பித்தாய் என்பது எனக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது உன் கூட்டாளிகள் யாரோ, "உங்கம்மா பன்னி மாதிரி உறுமுவாங்களாமே, எங்க, செஞ்சு காட்டச் சொல்லு" என்று கிண்டல் பண்ணினார்கள். நான் உறுமினது கரடி. அது போகட்டும். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்தாய். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாய். உன் வாத்தியார் ஒருவர் என்னைப் பார்த்து, "ஜெராக்ஸ் எடுக்க வந்தா சலுகை உண்டாம்மா?" என்று கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. சின்னப் பையன், கூட்டத்துக்குப் பயப்படுகிறான் என்று விட்டேன். காலேஜ் போனதும் சரியாகிவிடும் என்று விட்டேன். வேலைக்குப் போய், கை நிறையச் சம்பாதித்து, பெரிய ஊரில் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்தும் உனக்குச் சரியாகவில்லை. ஜெராக்ஸ் கடையிலிருந்து எனக்குக் கணக்குப் பிள்ளையாகப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறாய், நல்லா இருக்குடா!

எனக்கு வலிக்கிறது அப்பு. கோபமாக எழுதுகிறேன் என்பதால் வலி இல்லை என்று நினைக்காதே. ஊர் ஆயிரம் பேசும், அதை நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. நீ அந்தப் பெரியவர் முன்னால் நின்று, என்னை என் வேலையிலிருந்து பெயர்த்து எடுத்து வெளியே வைத்துவிட்டாயே, அதுதான் தாங்கவில்லை. நான் நடந்த யானையையும் எலியையும் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பெற்ற பிள்ளைக்குத் தெரியும் என்று இருந்தேன்.

உன் அப்பா இந்த முறை உன் பக்கம்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று விஷயத்தைச் சொன்னதும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "புள்ளைக்கு நல்ல எடம் அமைஞ்சிருக்கு. செத்த நேரம் பல்லக் கடிச்சிக்கிட்டு ஆமாங்கன்னு சொல்லிட்டு வாயேன். உன் தலையிலருந்து கிரீடமா எறங்கப்போகுது?" என்றார். "அன்னைக்கு பிரேக்கப் பத்திப் பேசுன வாயா இது?" என்று கேட்டேன். "அது உனக்கும் எனக்கும் உள்ள பாடு. இது அவன் வாழ்க்கைடி" என்றார். சாப்பிட்டு முடித்து, கழுவ வேண்டிய அவசியமே இல்லாத பஸ்ஸைப் போய்க் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் பிடிக்கவில்லை, பயப்படுகிறார். உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயம்.

எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருக்கிறது. வினோதினியை எனக்குப் பிடித்திருக்கிறது. போட்டோவைப் பார்த்துச் சொல்லவில்லை. போன மாதம் அவளே என்னை போனில் கூப்பிட்டாள். "அத்த, சாப்டீங்களா" என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை எப்படி என்று நான் கேட்டதற்கு, "நின்னு நின்னு காலு தேஞ்சிருச்சு அத்த, ஆனா உள்ள போயிட்டா வேற நெனப்பே வராது" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு அவளைப் புரிந்துவிட்டது. எனக்கும் உள்ளே போய்விட்டால் வேறு நினைப்பு வராது. மோதிரம், வளையல் எல்லாம் வெளியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் தியேட்டருக்குள் போக வேண்டுமாம், அதையும் அவளேதான் சொன்னாள். நாளைக்கு நீ கட்டுகிற தாலியையும், மேசையில் கிடக்கிறவன் வயிற்றின் மேல் தொங்கக் கூடாது என்று கழற்றச் சொல்வார்களோ, உள்ளே சொருகச் சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. அது அவள் வேலை, அவளுக்குத் தெரியும். ஆனால் அதையும் யாராவது ஒருத்தர் பார்ப்பார். அவர் இன்னொருத்தர் காதுக்குக் கொண்டுபோவார். யாரோ ஒரு பெரியப்பா, யாரோ ஒரு அத்தை, உன்னை நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். அப்போது நீ என்ன சொல்வாய், என் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரியில் கணக்குத்தான் எழுதுகிறாள் என்றா?

யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பொய்யைச் சொன்னால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு வயதாகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் நடப்பேன், முட்டி ஒத்துழைக்கிற வரை நடப்பேன். ஆனால் அந்தக் கூடத்தில் பத்து பேர் நடுவே, தாலியைக் கழற்றி வைத்து வேலை செய்கிறவள் மானங்கெட்டவள், அதனால்தான் நாங்கள் அதை இல்லை என்கிறோம் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்தப் பெண் பக்கத்து அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுவிட்டு நம் வீட்டுக்கு வருவாள். அவள் கழுத்தில் நீ கட்டுவது அப்போது தாலியாக இருக்காது. ஆகவே வேலையை விடச் சொன்னதற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். விட மாட்டேன். அடுத்த வாரம் ஒரு ஒட்டகச்சிவிங்கி வருகிறது, அதற்கு நாலு கால்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போவதைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். நான் வருவேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, உன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு, காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் நிலக்கோட்டை மல்லியில் நெருக்கமாகக் கட்டிய சரமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவேன். தட்டு, பழம், வெற்றிலை, பாக்கு எதிலும் குறை இருக்காது. அவர்கள் கேட்கிற வரைக்கும் காத்திருந்து பதில் சொல்கிற வேலையே எனக்கு வேண்டாம். பொய் சொன்னவன் நீ, திருத்த வேண்டியவனும் நீதான். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நீ எழுந்து நிற்க வேண்டும். "பெரியப்பா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. எங்கம்மா கார்ட்டூன் படத்துக்குச் சத்தம் போடுறவங்க. தாலியக் கழட்டி வச்சுட்டுத்தான் வேலை பாப்பாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல" என்று, இதே மாதிரி, சபைக்குக் கேட்கிற குரலில் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர் எழுந்து போனால் போகட்டும், உட்கார்ந்தால் மோர் குடிக்கட்டும்.

நம் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளையின் அம்மா பெண் தலையில் பூ வைத்தால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. உன் அத்தையை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்காதே. அவள் கூப்பிட்டால் உடனே வந்துவிடுவாள், ஆனால் நான் அந்தக் கூடத்திலேயே பூவோடு உட்கார்ந்திருப்பேன். அவசரம் இல்லை, நீ சொல்லும் வரை காத்திருக்கிறேன். நீ வாயைத் திறந்த பிறகுதான் என் கை அந்தப் பிள்ளையின் தலைக்குப் போகும். அதுவரை பூ என் மடியில் இருக்கும். வாடினால் வாடட்டும்.

அம்மா